பிட், பென் ஸ்டேட்: 101-வது ஆட்டம் எப்போது?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநருக்கும், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநருக்கும்,

வணக்கம்.

இதன் சாரத்தை ஆங்கிலத்தில் உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். தமிழில் திறந்த மடலாகவும் எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் படித்த தமிழர்கள் நிறைய பேர். ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கீழே புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "மறுபடி எப்போ ஆடுவாங்க?" என்பதில்தான் வந்து நிற்கும். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் உங்கள் இருவர் கையில்தான் இருக்கிறது.

நான் பிட். என் மனைவியும் அவள் தம்பியும் பென் ஸ்டேட். எனவே எங்கள் வீட்டில் இது செய்தி இல்லை, குடும்ப விஷயம்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது காலால் உதைக்கும் ஃபுட்பால் அல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால், அதிலும் கல்லூரி ஃபுட்பால். பென்சில்வேனியாவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், நடுவில் காரில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான தூரம். 1893ல் முதல் ஆட்டம். 1935 முதல் 1992 வரை ஒரு வருஷம்கூட விடாமல் ஆடினார்கள், உலகப் போர் நடந்தபோதுகூட நிற்கவில்லை. பென் ஸ்டேட் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது வேறு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆடும் ஒரு லீகுக்கு, போனதும் நின்றது. 1997 முதல் 2000 வரை நான்கு ஆட்டம், பிறகு பதினாறு வருஷ இடைவெளி, 2016 முதல் 2019 வரை மறுபடி நான்கு. கூட்டிப் பார்த்தால் சரியாக 100. பென் ஸ்டேட் 53 வெற்றி, பிட் 43, நான்கு டிரா. அத்தோடு கதவைச் சாத்திவிட்டீர்கள்.

நூறு என்பது நிறுத்த நல்ல எண் என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால், அந்த நூறாவது ஆட்டத்தில் ஸ்டேடியத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முடித்துக்கொள்கிற ஆட்டமே இல்லை. 2019 செப்டம்பர் 14, பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியம், ஒரு லட்சம் பேருக்கு மேல். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவனைச் சுற்றிலும் அவன் ஆட்கள், நடுவில் நான் ஒருவன் மட்டும் நீலச் சட்டையில். பென் ஸ்டேட் 17, பிட் 10. ஐந்து நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பாக்கி. பந்து எங்கள் கையில், எல்லைக்கு ஒரு யார்டு முன்னால், நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. ஒரு யார்டு என்றால் ஒரு எட்டு வைத்தால் டச் டவுன், ஆட்டத்தைச் சமன் செய்துவிடலாம். ஏழு புள்ளி பின்னால் இருக்கும்போது எங்கள் பயிற்சியாளர் பாட் நார்டுஸி ஃபீல்டு கோல் அடிக்க, அதாவது பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைக்க, ஆளை அனுப்பினார். அதில் கிடைப்பது மூன்று புள்ளிதான், அப்போதும் நான்கு குறையும். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அந்தச் சத்தம் எங்கள் இருக்கை வரை கேட்டிருக்க நியாயமில்லை, ஆனால் கேட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. மச்சான் குதிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "அடுத்த வாட்டி பாத்துக்கலாம் மாமா" என்றான். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அப்போதே எங்கள் இருவருக்கும் தெரியும்.

சரி, முதலில் பென் ஸ்டேட் இயக்குநரிடம் பேசுகிறேன், ஏனென்றால் சாவி அதிகமாக உங்களிடம்தான் இருக்கிறது. பிட் கேட்டது, நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் தரப்பு எப்போதும் சொல்லும் காரணம் ஏழு ஹோம் கேம். வருஷத்துக்கு ஏழு ஆட்டமாவது சொந்த ஸ்டேடியத்தில் நடந்தால்தான் கணக்கு கட்டும், மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் அந்தப் பணம்தான் சோறு போடுகிறது என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. 70 கோடி டாலருக்கு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க இறங்கியிருக்கிறீர்கள், அதை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும். ஸ்டேட் காலேஜ் ஊரில் ஹோட்டல் வைத்திருப்பவருக்கும் சாண்ட்விச் கடை வைத்திருப்பவருக்கும் ஒரு சனிக்கிழமை ஆட்டம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே நான்கு வருஷம் படித்த என் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கையே எடுத்துப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 12 ஆட்டம். பிக் டென்னில் ஒன்பது. ஒன்பது ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு வருஷம் நான்கு உங்கள் ஊரில், அடுத்த வருஷம் ஐந்து உங்கள் ஊரில். மிச்சம் மூன்று ஆட்டம் நீங்களாகப் பார்த்து வைத்துக்கொள்வது. நான்கு வரும் வருஷம் மூன்றையும் வீட்டிலேயே வைத்தால் ஏழு. ஐந்து வரும் வருஷம் இரண்டை மட்டும் வீட்டில் வைத்தாலே ஏழு வந்துவிடும், மூன்றாவதை வெளியே போய் ஆடலாம். அந்த வருஷம் பிட்ஸ்பர்க்குக்கு வாருங்கள், நான்கு வரும் வருஷம் நாங்கள் அங்கே வருகிறோம். ஒரு ஹோம் கேம்கூடக் குறையாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை, நீங்களே செய்து காட்டியதுதான். 2021ல் ஆபர்ன் உங்கள் ஊருக்கு வந்தது, 2022ல் நீங்கள் அலபாமா மாநிலத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்குப் போய் 41-12 என்று ஜெயித்து வந்தீர்கள். 2023ல் வெஸ்ட் வர்ஜீனியா வந்தது, 2024ல் நீங்கள் அவர்கள் ஊரான மார்கன்டவுன் போனீர்கள். நான்கு வருஷமும் ஏழு ஹோம் கேம் கிடைத்தது. அந்த மார்கன்டவுன் இங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம், பிட்ஸ்பர்க்கின் கொல்லைப்புறம் என்றே சொல்லலாம். அங்கே வர முடிகிற உங்களால் இங்கே வர முடியாது என்றால், தடை காலண்டரில் இல்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் வெளியே சொல்லப்படாதது. பிட்டிடம் தோற்றால் நஷ்டம் அதிகம், ஜெயித்தால் லாபம் குறைவு. 2016 அதற்கு சாட்சி. அந்த வருஷம் நீங்கள் பிக் டென் சாம்பியன், 11 வெற்றி, ஆனாலும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே ஆஃபில் இடம் கிடைக்கவில்லை. செப்டம்பரில் எங்களிடம் 42-39 என்று தோற்றதுதான் காலை வாரியது என்று உங்கள் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள், மச்சான் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆனால் அப்போது பிளே ஆஃபில் நான்கே இடம். 2024 முதல் 12. ஒரே ஒரு தோல்வி ஒரு சீசனைக் கொன்றுவிடும் காலம் முடிந்துவிட்டது. சுலபமான அணிகளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது என்பதும் நிலைக்கவில்லையே. 2025ல் நெவாடா, ஃபுளோரிடா இன்டர்நேஷனல், வில்லனோவா என்று மூன்றையும் வீட்டிலேயே வைத்து மூன்றையும் ஜெயித்தீர்கள். அதற்கு அடுத்து வரிசையாக மூன்று தோல்வி, அக்டோபரில் பயிற்சியாளரே போய்விட்டார். வீட்டில் வைத்த அந்த முதல் மூன்று ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்த மச்சான் ஒன்றுக்குத்தான் போனான், மற்ற இரண்டையும் பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டான். பிட் வருகிறது என்றால் அவன் டிக்கெட்டை யாருக்காவது கொடுப்பானா?

உங்கள் புதிய பயிற்சியாளர் மாட் கேம்பெல்லையே கேட்டுப் பாருங்கள். பத்து சீசன் அயோவா ஸ்டேட்டில் இருந்துவிட்டு வந்தவர். அவர் அணி பிக் 12, எதிரே அயோவா பல்கலைக்கழகம், பிக் டென். ஒரே மாநிலம், வேறு வேறு கான்ஃபரன்ஸ், நம் கதைதான். ஆனால் 1977ல் இருந்து 2020 கொரோனா வருஷம் ஒன்றைத் தவிர ஒரு வருஷமும் அவர்கள் விட்டதில்லை. அயோவாவும் உங்களைப் போலவே ஒன்பது பிக் டென் ஆட்டம் ஆடிக்கொண்டுதான் இதையும் ஆடுகிறது. ஃபுளோரிடாவும் ஃபுளோரிடா ஸ்டேட்டும், ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும், கிளெம்சனும் சவுத் கரோலினாவும் அப்படித்தான், கான்ஃபரன்ஸ் வேறாக இருந்தாலும் வருஷா வருஷம் மோதுகிறார்கள்.

2017ல் நீங்கள் 33-14 என்று ஜெயித்த பிறகு அன்றைய பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின், இந்த வெற்றியும் முந்தின வாரம் ஏக்ரானை வென்றதும் ஒன்றுதான் என்கிற மாதிரி பேசினார். அது எங்களுக்கு வலித்தது. ஆனால் அதற்குள் ஒரு பழைய கோபம் இருக்கிறது என்பதைக் கொஞ்ச நாள் கழித்து என் மாமனார் வீட்டில்தான் புரிந்துகொண்டேன். அவர் 70களின் கடைசியில் இங்கே வந்தவர், ஊர்க்காரர்களை விட அதிகமாக இந்தச் சரித்திரம் தெரிந்தவர். பிட் பெரியதாக இருந்த காலத்தில், 1960கள் வரைக்கும், பெரும்பாலான ஆட்டங்கள் பிட்ஸ்பர்க்கில்தான் நடந்தன. ஸ்டேடியம் பெரிது, வசூல் அதிகம், நீங்கள்தான் வர வேண்டும் என்று நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் 80களின் தொடக்கத்தில் உங்கள் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ கிழக்குப் பகுதிக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கான்ஃபரன்ஸ் அமைக்கலாம் என்று முயன்றபோது, பிட் கூடைப்பந்துக்காக பிக் ஈஸ்ட் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. அந்தக் கனவு அங்கேயே உடைந்தது. பத்து வருஷம் கழித்து நீங்கள் பிக் டென்னுக்குப் போனீர்கள், எங்களை விட்டுவிட்டுப் போனார்கள் என்று நாங்கள் புலம்பினோம். மாமனார் கேட்டார்: "மொதல்ல யாரு யார விட்டுட்டுப் போனது மாப்ள?" என்னிடம் பதில் இல்லை.

எனவே பிட் இயக்குநரே, உங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நம் மேல் உள்ள வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். நான்கு வருஷ ஒப்பந்தம் கிடைத்தால்தான் ஆச்சு என்று நிற்க வேண்டாம், இரண்டு வருஷம், இங்கே ஒன்று அங்கே ஒன்று, அது போதும். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில்தான் என்றால் சரி என்று சொல்லுங்கள். அங்கே இரண்டு, இங்கே ஒன்று என்று கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம், அது கௌரவப் பிரச்சினை, அங்கே நானும் உங்களோடு நிற்பேன். வெஸ்ட் வர்ஜீனியா ஆட்டம் இருக்கிறதே என்று சொல்லிவிடாதீர்கள். அது நல்ல ஆட்டம்தான், 2022ல் அது திரும்பி வந்தபோது 70,622 பேர் வந்தார்கள், பிட்ஸ்பர்க்கில் எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஆனால் அது முறியடித்தது எந்த ஆட்டத்தின் கணக்கை? 2016 பென் ஸ்டேட் ஆட்டத்தின் 69,983ஐ. நம் கான்ஃபரன்ஸான ஏசிசியும் ஒன்பது ஆட்டத்துக்குப் போகிறது, பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளோடு குறைந்தது பத்து ஆட்டம் ஆட வேண்டும் என்று 2025லேயே அறிவித்துவிட்டார்கள். பத்தாவதாக எங்கோ தொலைவில் இருந்து ஒரு அணியைத் தேடிப் பிடிப்பதைவிட, இந்த மாநிலத்துக்குள்ளேயே தேடலாம். வெஸ்ட் வர்ஜீனியா 2029ல் திரும்ப வரும்போது இரண்டையும் ஒரே வருஷம் ஆடுவது கடினம், தெரியும். ஆனால் 2016ல் பென் ஸ்டேட்டை ஆடின மறுவாரமே ஓக்லஹோமா ஸ்டேட் ஊருக்குப் போன அணிதானே நாம்.

அந்த 2016 ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் இதை முடிக்க முடியாது.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஃபுட்பால் விதி ஒன்றும் தெரியாது. உடன் தங்கியிருந்தவன் டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனான். நார்த் ஷோர் வாகன நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கே அடுப்பு மூட்டிச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே காருக்குப் பின்னால் இரண்டு நிறச் சட்டை, அப்பா ஒன்று மகன் ஒன்று. ஸ்டேடியத்துக்குள்ளே எனக்குப் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு டவுனுக்கும் விளக்கம் சொன்னார். புற்றுநோயில் இருந்து மீண்டு அந்த சீசனில்தான் எங்கள் வீரர் ஜேம்ஸ் கானர் களத்துக்குத் திரும்பியிருந்தார். அவர் பந்தை வாங்கி ஓடும்போதெல்லாம் பெரியவர் எழுந்து நிற்பார், அன்று நூறு யார்டுக்கு மேல் ஓடினார் கானர், பெரியவருக்கு உட்காரவே நேரமில்லை. முதல் பாதியில் பிட் 28-7 என்று முன்னால் இருந்தது. நான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். 1981 பார்த்தவன் நான், என்றார்.

1981ல் பிட் நாட்டிலேயே முதலிடம், பத்து ஆட்டமும் வெற்றி. டான் மரினோதான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், முதல் கால் பகுதியிலேயே 14-0. அதற்குப் பிறகு பென் ஸ்டேட் தொடர்ந்து 48 புள்ளி எடுத்தது, பிட் ஒன்றுகூட எடுக்கவில்லை. 48-14. சாம்பியன் ஆகும் வாய்ப்பு சொந்த ஸ்டேடியத்தில் போனது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, நேற்று நடந்த இழவு போல. அவர் சொன்னபடியே அன்றும் பென் ஸ்டேட் ஏறி வந்தது. 42-39. கடைசி ஓட்டத்தில் அவர்களுடைய டேஷான் ஹாமில்டன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார், அது நின்றிருந்தால் கதையே வேறு. கொஞ்ச நேரத்தில் அவர்கள் குவார்ட்டர்பேக் டிரேஸ் மெக்சோர்லி எண்ட் ஸோனுக்கு எறிந்த பந்தை ரயன் லூயிஸ் பிடித்துக்கொண்டார், எங்கள் ஆள். பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேர் தெரியாது, அவருக்கும் என் பேர் தெரியாது. அவர் சட்டையில் மஸ்டர்ட் கறை இருந்தது, அது என் சட்டையிலும் ஒட்டியது. துவைத்தும் முழுக்கப் போகவில்லை. அன்று இரவு பிட் ஜெயித்ததற்காகக் கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கோபுரத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது. ஓக்லண்டில் அதைப் பார்த்துக்கொண்டே அறைக்கு நடந்தேன். இந்த ஊர் என் ஊர் என்று முதல்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

இன்று பிட்டிலோ பென் ஸ்டேட்டிலோ சேரும் பிள்ளைகள், நம் ஊரில் இருந்து வரும் பிள்ளைகள் உட்பட, படித்து முடித்துப் போகும்வரை ஒரு ஆட்டம்கூடப் பார்ப்பதில்லை. 2019ல் முதல் வருஷம் படித்தவர்கள்தான் கடைசியாகப் பார்த்தவர்கள். எதற்கு அவர்களைப் பிடிக்காது என்பதே தெரியாமல் "அவங்களப் பிடிக்காது" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே மாநில அரசின் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள். அந்தப் பணத்தில் என் வரியும் மச்சான் வரியும் இருக்கிறது.

திரும்பி வராது என்று எழுதிவைத்த ஆட்டங்கள் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011க்குப் பிறகு 2024ல் மோதினார்கள். கான்சஸும் மிசௌரியும் 2025ல் மோதினார்கள், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள பகை உள்நாட்டுப் போர் காலத்துப் பகை, அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஆட்டங்களைக் கலைக்கச் சொல்லவில்லை. 2030 பிட்ஸ்பர்க், 2031 ஸ்டேட் காலேஜ். செப்டம்பரில் எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும் சரி, பகல் 12 மணி ஆட்டமாக இருந்தாலும் சரி. வெளியூர் ரசிகர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக டிக்கெட் ஒதுக்குங்கள், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பாதிக் குடும்பம் ஒரு பக்கமும் பாதிக் குடும்பம் மறுபக்கமும் உட்கார வேண்டியிருக்கும். மாணவர்களுக்குப் பேருந்து விடுங்கள், ரூட் 22ல் ஆல்டூனா பக்கம் வரை, அங்கிருந்து ஐ-99 நெடுஞ்சாலை. யார் யாருக்கு முதலில் ஃபோன் செய்வது என்று யோசிக்க வேண்டாம். யார் செய்தாலும் அந்த வாரம் பென் ஹில்ஸ் கோயிலில் உங்கள் பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

மாமனாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. போன வாரம்தான் கேட்டார், அவர் முழங்காலால் ஸ்டேடியப் படி ஏற முடிகிற காலத்துக்குள் வைத்துவிடுவார்களா என்று. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
2016லும் 2019லும் இருக்கையில் இருந்த ஒரு பிட் மாணவன்
பிட்ஸ்பர்க்